போர்க்காலப் பிரசங்கத்தில் புலம்பல்: எல்லையோரத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2009 மே 17, ஞாயிற்றுக்கிழமை. குளத்துப்புழா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் சின்னச் சபை. அன்று பிரசங்கம் என்னுடையது. வன்னியில் போர் முடியும் தறுவாயில் இருந்தது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவின் தங்கை குடும்பம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எடுத்த வசனம் புலம்பல் 3:22, "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே." எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிற வசனம். நாற்பது நிமிடம் பேசினேன். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது அக்கா கேட்டார்: "அப்ப நிர்மூலமானவங்களுக்கு, தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் புலம்பல் புத்தகத்தின் ஐந்து அதிகாரங்களையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தேன். அதற்கு முன் இருபது வருடம் பிரசங்கம் செய்தவன், அதைச் செய்ததில்லை.

புனலூர், தென்மலை, ஆரியங்காவு, மூணாறு, பீருமேடு, பாறசாலை, கொழிஞ்சாம்பாறை என்று கேரள எல்லையோரம் முழுக்கத் தமிழ்ச் சபைகள் இருக்கின்றன. அவற்றில் மேடையேறுகிற உபதேசியார்கள், மூப்பர்கள், வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆயர் படிப்பு படித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதி பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி இரண்டு வரி. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று ஏற்பாடு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1976 இல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து ரப்பர் தோட்டக் கழகம் தொடங்கியது. நானும் சிறுவனாகத் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவன். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று காகிதம் பிரித்த குடும்பங்கள் எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நிறைய. மலையகத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ரயிலை எங்கள் பாட்டிமார் அழுகைக் கோச்சி என்றே சொல்வார்கள். அங்கே நின்றுபோனவர்களில் பலர் 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

முதல் படி: புத்தகத்தை முழுசாக, சத்தமாக வாசியுங்கள்

மொத்தம் 154 வசனங்கள். நிதானமாக வாசித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டு வாசியுங்கள். விளக்கவுரையை அப்புறம் தொடலாம்.

வாசிக்கும்போது முதலில் காதில் விழுவது "ஐயோ!" நம் வேதாகமத்தில் முதல் வசனத்தின் முதல் சொல் அது. எபிரெய மூலத்தில் அது "எக்கா", 'எப்படி இப்படி ஆயிற்று' என்கிற திகைப்பு. எபிரெயத்தில் புத்தகத்தின் பெயரே அதுதான். அடுத்து, ஜனம் பெருத்த நகரி "தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே" என்று வருகிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொல்காப்பியத்தின் ஒரு குட்டிச் சூத்திரம் நினைவுக்கு வரும்: "புலம்பே தனிமை." இன்று நாம் "சும்மா புலம்பாதே" என்று ஒருவரை அடக்குகிறோம். பழைய தமிழில் புலம்பு என்றால் தனித்துப்போதல். மொழிபெயர்த்தவர்கள் அதை மனதில் வைத்துத்தான் தலைப்பிட்டார்களா தெரியாது, ஆனால் தலைப்பும் முதல் வசனமும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. அழுகிறவர் தனியாக விடப்பட்டிருக்கிறார். பிரசங்கியாரின் முதல் வேலை அங்கே போய் உட்காருவது.

புத்தகம் கட்டப்பட்டிருக்கிற விதத்தையும் கவனியுங்கள். எபிரெய எழுத்துகள் 22. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்தாம் அதிகாரங்களில் 22 வசனங்கள், மூன்றாவதில் 66. முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசைப் பாடல்கள். நம் ஆத்திசூடி மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எடுத்துப் பாடியிருக்கிறார்கள், மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனம். நகரம் இடிந்து, பிள்ளைகள் வீதியில் மூர்ச்சித்துக் கிடக்கையில் ஒருவர் எழுத்து வரிசை பார்த்துக் கவி கட்டியிருக்கிறார். ஆரம்பத்தில் எனக்கு இது செயற்கையாகப் பட்டது. பிறகு எங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கிற ஆத்தாமாரைக் கவனித்தேன். அவர்களும் முறை வைத்துத்தான் பாடுகிறார்கள்: பிறந்த வீடு, புகுந்த வீடு, பெற்ற பிள்ளை, போட்ட நகை என்று ஒன்றுவிடாமல். முறை இருந்தால்தான் ஒன்றும் விட்டுப்போகாது. ஐந்தாம் அதிகாரத்துக்கு வரும்போது வசன எண்ணிக்கை 22 தான், ஆனால் எழுத்து வரிசை கிடையாது. வரிசை சொல்லவும் தெம்பில்லாமல் போனது போல.

இன்னொன்று. இந்தப் புத்தகத்தில் ஊர்க்குரல் ஒன்று பேசுகிறது, நகரமாகிய பெண் பேசுகிறாள், "சிறுமையைக் கண்ட புருஷன் நான்" என்று ஒருவன் பேசுகிறான், கடைசியில் "நாங்கள்" என்று எல்லாரும் பேசுகிறார்கள். கர்த்தர் நேரடியாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. முன்பொருநாள் "பயப்படாதே" என்று சொன்னதாக மூன்றாம் அதிகாரத்தில் ஒருவர் நினைவுகூர்கிறார், அவ்வளவுதான். கர்த்தர் கொடுக்காத பதிலை மேடையில் நின்று அவர் சார்பில் கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? என் 2009 பிரசங்கம் முழுக்க அந்தத் தப்புதான்.

எழுதியது எரேமியாவா இல்லையா என்ற விவாதத்தில் நேரம் போக்காதீர்கள். மூலத்தில் பெயர் இல்லை. எரேமியா என்பது பழைய கிரேக்க மொழிபெயர்ப்புக் காலத்திலிருந்து வருகிற மரபு. கி.மு. 586ஐ ஒட்டி பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்ததைக் கண்ணால் கண்டவர்களின் சத்தம் அதில் இருக்கிறது, அது போதும்.

இரண்டாம் படி: யார் முன்னால் நிற்கப்போகிறீர்கள் என்று பாருங்கள்

பிரசங்கத்துக்கு முந்தைய வாரம் வீடு சந்திப்புக்குப் போங்கள். ரப்பர் பால் வெட்டு முடிந்து, பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஆட்கள் வீடு திரும்புகிற நேரம் நல்லது. வேதாகமம் பையிலேயே இருக்கட்டும். யோபின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. புத்தகத்தின் முடிவில் அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே சொல்கிறார்.

ஒரு சபையில் ஒரே விதமான துக்கம் இருக்காது. எங்களிடத்தில் வன்னியில் ஆளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு 2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்த அந்த நான்கு நாளும் போனைக் கையைவிட்டு இறக்காத தாய் இருக்கிறாள். மருமகனோ மகளோ வளைகுடாவில் இருக்கிற வீடுகளுக்கு மேற்கில் எங்கே குண்டு விழுந்தாலும் தூக்கம் போய்விடும். இவர்கள் மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருவருக்கு மருந்தாகிற வாக்கியம் மற்றவருக்கு முள்ளாகலாம். யாருடைய பெயரைச் சொல்லலாம், யாருடைய கதையைச் சொல்லக்கூடாது என்று அவர்கள் வீட்டிலேயே கேட்டு வையுங்கள். கேட்காமல் சொன்ன கதை களவு.

மூன்றாம் படி: சந்தர்ப்பத்துக்குத் தக்க வேத பாகம்

இங்கேதான் பெரும்பாலான பிரசங்கங்கள் தடம் புரள்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகை. நாம் ஞாயிறுதோறும் வாசிப்பதோ 23, 91, 121. போர்ச் செய்தி வந்த வாரத்தில் 91ஐ எடுக்கும்போது கவனம் வேண்டும். "உன் பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும்" என்று வாசிக்கிறபோது, விழுந்த ஆயிரத்தில் ஒருவனின் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஆளின் துக்கத்துக்கு 13ஆம் சங்கீதம். ஊரே தோற்று நிற்கையில் 44, 74, 79, 80. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு 137. நான் கேட்டவரை, "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து" என்று தொடங்கினாலே எங்கள் சபையில் பெரியவர்கள் கண் கலங்கிவிடும். கல்லடையாற்றங்கரையில் இருந்துகொண்டு மகாவலியை நினைக்கிறவர்கள் அவர்கள்.

புலம்பல் புத்தகத்துக்கும் 44ஆம் சங்கீதத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. புலம்பலில் எருசலேம், நான் கலகம் பண்ணினேன் என்று ஒப்புக்கொள்கிறாள். 44ஆம் சங்கீதக்காரர்களோ, இவ்வளவும் வந்தும் நாங்கள் உம்மை மறக்கவில்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு, "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று கேட்கிறார்கள். இரண்டும் வேதத்தில் இருக்கிறது. பாவத்தின் சம்பளம் என்று ஒரு வசனத்தை எடுத்து அடிபட்டவர்கள் தலையில் போடுகிற பிரசங்கியார் இரண்டாவதைப் படிக்காதவர். "என் பாவம்" என்று சொல்ல அழுகிறவளுக்கு உரிமை உண்டு. "உன் பாவம்" என்று சொல்ல மேடையில் நிற்கிறவனுக்குக் கிடையாது. லூக்கா 13இல் பிலாத்து வெட்டிய கலிலேயரைப் பற்றியும், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் பேச்சு வந்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு மறுத்தார். அதோடு நிற்காமல் கேட்டவர்களைத் தங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

காணாமல்போனவர்களின் குடும்பம் உங்கள் சபையில் இருந்தால் 2 சாமுவேல் 21ஐ எடுங்கள். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளை நாம் பிரசங்கிப்பதே இல்லை. அவளுடைய இரண்டு மகன்களையும் சவுலின் பேரன்கள் ஐந்து பேரையும் கொன்று மலையில் தூக்கிவிட்டார்கள். அவள் இரட்டுத்துணியைப் பாறையில் விரித்து, வாற்கோதுமை அறுப்பின் ஆரம்பத்திலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளை விரட்டினாள், இரவில் மிருகங்களை விரட்டினாள். ஒரு வார்த்தை பேசியதாக எழுதியில்லை. கடைசியில் ராஜா காதுக்கு விஷயம் போய், எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் பண்ணினான். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்னால் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மாரை அறிந்தவர்களுக்கு ரிஸ்பாள் யாரென்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதியை வாசித்துவிட்டு நீங்கள் உட்கார்ந்தால்கூடப் போதும்.

குழந்தைகள் செத்த செய்திக்கு எரேமியா 31:15, ராகேல். அவள் ஆறுதலடையாதிருக்கிறாள் என்பதுதான் அங்கே வசனம். அவளை வம்பாக ஆறுதல்படுத்தப் போகாதீர்கள். வேடிக்கை பார்த்த ஊர்களைப் பற்றிப் பேச ஒபதியா. எதிரியின் பக்கத்து மரணத்தைப் பேச, தன்னைக் கொல்லத் தேடிய சவுலுக்காகத் தாவீது பாடின பாட்டு, 2 சாமுவேல் 1.

நான்காம் படி: பிரசங்கத்தின் எலும்புக்கூடு

13ஆம் சங்கீதத்தையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த இரண்டில் கேட்கவேண்டியதைக் கேட்கிறார். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. பதினைந்து நிமிடப் பிரசங்கம் என்றால் ஐந்து நிமிடம் கேள்வி, ஐந்து நிமிடம் விண்ணப்பம் என்று வையுங்கள். நாம் வழக்கமாகக் கேள்விக்கு அரை நிமிடம் கொடுத்துவிட்டு "ஆனாலும் பிரியமானவர்களே" என்று தாவிவிடுகிறோம்.

அந்த "ஆனாலும்"தான் ஆபத்தான சொல். பத்து நிமிடம் தாண்டுவதற்குள் அது வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். சில ஞாயிறுகளில் அது வரவே வேண்டாம். 88ஆம் சங்கீதம் இருளில் முடிகிறது, கடைசிவரை திருப்பமே கிடையாது. அதைச் சங்கீதப் புத்தகத்தில் சேர்த்தவர்கள் பின்னால் ஒரு ஆறுதல் வசனம் ஒட்டவில்லை. நாமும் ஒட்டவேண்டாம்.

எழுதி முடித்ததும் பேனாவை எடுத்து இவற்றை அடியுங்கள்: தேவ சித்தம், கர்த்தர் எடுத்துக்கொண்டார், எல்லாம் நன்மைக்கே, கடைசிக்கால அடையாளம். நான்காவது நம் பக்கத்தில் பெரிய வியாதி. போர் வந்தால் உடனே மத்தேயு 24. அந்த ஆறாம் வசனத்தின் முடிவைப் படிக்காமல் விடுகிறார்கள்: "ஆனாலும், முடிவு உடனே வராது." அங்கே இருக்கிற "ஆனாலும்" எனக்குப் பிடித்த "ஆனாலும்".

தமிழிலிருந்து ஒரு உதவி எடுத்துக்கொள்ளலாம். மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பிறகு அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாட்டு. அற்றைத் திங்களில் தந்தையும் இருந்தான், குன்றும் எங்களுடையது. இற்றைத் திங்களில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. ஐந்தே வரி. அதே நிலா, அன்றும் இன்றும். கையறுநிலை என்று துறை வகுத்திருக்கிறார்கள். புலம்பல் முதல் வசனமும் இதே வேலையைச் செய்கிறது: ஜனம் பெருத்தவள், இன்று தனித்தவள்; நாயகியாயிருந்தவள், இன்று கப்பங்கட்டுகிறவள். உங்கள் பிரசங்கத்தின் தொடக்கத்தை இந்த அன்று-இன்று முறையில் எழுதிப்பாருங்கள். பெயரெச்சமும் உரிச்சொல்லும் குறைந்து, பொருள்கள் கூடும். கோழிக்கூடு, கிணறு, பள்ளிக்கூடப் பை. பெரிய வார்த்தைகள் தானாக உதிர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: பெயர், எண், தேதி

புலம்பல் புத்தகம் விலைவாசிகூடச் சொல்கிறது. எங்கள் தண்ணீரைப் பணத்துக்கு வாங்குகிறோம், விறகும் விலைக்கு வருகிறது என்கிறது ஐந்தாம் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தில் பிள்ளைகள் தாய்மாரிடம் தானியம் எங்கே என்று கேட்கிறார்கள். "மனிதகுலத்தின் துயரம்" என்று பேசுகிறவர் எதையும் நினைவுகூரவில்லை.

1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமிருந்தவர்கள்மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை இரண்டாம் ஞாயிறு பக்கம் நவாலி என்ற ஊர்ப்பெயரை ஜெபத்தில் சொல்ல ஒரு மூச்சு போதும். மன்னார் ஆயராயிருந்த ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் விசாரணை ஆணைக்குழு முன் போய், அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளையே கூட்டிக் கழித்து, வன்னியில் இருந்த ஜனங்களில் 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்த ஆணைக்குழுவுக்கு அவர் பிரசங்கம் செய்யவில்லை; ஒரு கழித்தல் கணக்கைக் கொண்டுபோனார். கடைசி இலக்கமான அந்த ஒன்பதைப் பாருங்கள். முழு எண்ணாக்கி ஒன்றரை லட்சம் என்று சொன்னால் அந்த ஒன்பது பேரும் மறுபடி காணாமல் போவார்கள். மேடையில் எண்ணைச் சொல்வதானால் நிறுத்தி, முழுசாகச் சொல்லுங்கள்.

உறுதியாகத் தெரியாத எண்ணைச் சொல்லாதீர்கள். வாட்ஸப்பில் வந்ததைச் சொல்லவே கூடாது. புரொஜெக்டரில் உடல்களின் படம் போடுகிற பழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது, அதையும் நிறுத்துங்கள். பெற்றவள் பார்க்கச் சகிக்காததை நாம் சுவரில் பெரிதாக்கிக் காட்டக்கூடாது.

ஆறாம் படி: சாப வசனங்கள்

137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுவது. பெரும்பாலும் எட்டாம் வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடுவோம். பழைய வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்தீன் அந்தக் குழந்தைகளை முளையிலேயே நசுக்கவேண்டிய தீய இச்சைகள் என்றும், கல்லைக் கிறிஸ்து என்றும் விளக்கினார். எனக்கு அது தப்பித்துக்கொள்கிற வழியாகவே தோன்றுகிறது. என் முடிவு: வாசியுங்கள், பிரசங்கிக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் வாயில் அந்த வார்த்தை வரும். அதைக் கர்த்தரிடம் கொட்டிவிட்டான், கல்லைக் கையில் எடுக்கவில்லை. கொட்டினதை அள்ளி ஜனங்கள் கையில் கொடுப்பது நம் வேலையில்லை.

போர்க்காலத்தில் மேடை ஆள்சேர்ப்பு மேடையாவது சுலபம். முதல் உலகப்போரில் லண்டன் பிஷப் வின்னிங்டன் இங்க்ராம் 1915 இல் ஜெர்மானியரைக் கொல்வதைச் சிலுவைப் போராகவே பிரசங்கித்தார். அதே நாட்டில் 1982 இல் பாக்லாந்து போர் முடிந்து புனித பவுல் பேராலயத்தில் நடந்த ஆராதனையில் கான்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி வெற்றி முழக்கம் செய்யாமல், அர்ஜென்டினாவில் துக்கிக்கிறவர்களையும் சேர்த்து நினைத்தார். அவர் சும்மா பேசிய சாமியார் இல்லை. இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்து வீரப்பதக்கம் வாங்கியவர். ஆட்சியில் இருந்தவர்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை.

2025 மே 11, சண்டை நின்ற மறுநாள் ஞாயிறு, எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் கைதட்டல் கேட்டது. எங்கள் சபையில் அந்தப் பட்டாளத்தானின் அம்மாவை 13ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தது மலையாள வேதாகமத்திலிருந்து, பள்ளிக்கூடத்தில் அதுதான் படித்தவர். யாருக்கும் புரியாமல் போகவில்லை.

ஏழாம் படி: ஆராதனை

பிரசங்கம் மட்டும் இதைத் தாங்காது. எரேமியா 9இல் புலம்பற்காரிகளை வரவழையுங்கள் என்று கர்த்தரே சொல்கிறார். அவர்கள் தங்கள் குமாரத்திகளுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார். நம் சபைகளில் ஒப்பாரியை அஞ்ஞானிகளின் பழக்கம் என்று விரட்டி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் துட்டி வீட்டில் இன்னும் அது இருக்கிறது. எழுபது வயது தாண்டிய இரண்டு பேரிடம் போய்க் கேளுங்கள், புலம்பல் முதல் அதிகாரத்தை உங்கள் ராகத்தில் பாடித் தருவீர்களா என்று. முதலில் வெட்கப்படுவார்கள். பிறகு உங்களுக்கு மைக்கே தேவைப்படாது. கமிட்டியில் யாராவது முகம் சுளித்தால், பக்கத்து மலையாள வீடுகளில் நோன்புக் காலத்தில் அர்னோஸ் பாதிரி எழுதிய மாதாவின் புலம்பலைப் பாடுவதை ஞாபகப்படுத்துங்கள். ஜெர்மானியப் பாதிரியார் எழுதிக்கொடுத்தால் பக்தி, நம் பாட்டி பாடினால் அஞ்ஞானமா?

யூதர்கள் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் ஆலயம் இடிந்ததை நினைத்து, விளக்கைக் குறைத்து, தரையில் உட்கார்ந்து புலம்பலை வாசிக்கிறார்கள். கடைசி வசனம் கர்த்தருடைய கோபத்தில் முடிகிறது. அதோடு விட மனமில்லாமல், முந்தைய வசனமான "எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்" என்பதை மறுபடி ஒருமுறை எல்லாரும் சொல்லி முடிப்பார்கள். நாங்களும் மே மாதம் அப்படியே செய்கிறோம். நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய். கீபோர்டு வேண்டாம். நினைவுகூர வேண்டிய பெயர்களை வாசிக்க ஒருவர், ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி. காணிக்கைப் பை அன்று எடுப்பதில்லை (இதற்கு கமிட்டியில் இரண்டு வருடம் சண்டை போட்டேன்).

முடிந்ததும் கஞ்சி. கடைசி நாட்களில் வன்னியில் ஜனங்கள் அரிசியும் உப்பும் போட்டுக் காய்ச்சிக் குடித்ததை நினைத்து ஈழத்தில் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிறார்கள். சிரட்டையில் ஊற்றிக் கொடுங்கள். ரப்பர் தோட்டத்தில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பால் கட்டினது வேண்டாம், புதுசு பார்த்து எடுங்கள். தேங்காய், துவையல் என்று யாராவது சேர்க்க வருவார்கள், அன்போடு தடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: திங்கட்கிழமை

புகார் வரும். 410 இல் ரோம் கொள்ளைபோய் அகதிகள் வட ஆப்பிரிக்காவுக்கு வந்து இறங்கினபோது அகஸ்தீன் அதைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கித்தார். அவர் ரோமைப் பற்றி வாயை மூடிக்கொண்டு இருந்தால் தேவலையே என்று ஜனங்கள் பேசியதை அவரே ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடப் பழக்கம் ஒரே நாளில் போகாது. "கோயிலுக்கு வந்தாலும் அழுகையா" என்று கேட்கிறவர்களோடு வாதாடாமல், வருடத்தில் எத்தனை ஞாயிறு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் வைத்திருப்பது மூன்று.

ஞாயிறு நன்றாக அழுதவர் வீட்டுக்குத் திங்கட்கிழமையே போங்கள். அழாதவர் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை போங்கள், அது இன்னும் அவசியம். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் புனலூர் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஜெபத்தோடு நிறுத்துவது சோம்பேறித்தனம்.

பெயர்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள், தடித்த அட்டை போட்ட கணக்கு நோட்டு. பெயர், உறவு, ஊர், கடைசியாகப் பார்த்த அல்லது பேசிய தேதி. கொடுத்தவர் கையெழுத்து. தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். மழைக்காலத்தில் எங்கள் வெஸ்ட்ரி ஒழுகும், அதனால் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறோம். அந்த அக்கா நோட்டுக்குத் தன் தங்கை வீட்டுப் பெயர்கள் நான்கைக் கொடுத்தது 2016 இல்தான், ஏழு வருடம் கழித்து. நான்கில் இரண்டுக்கு எதிரே தேதிக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பி எழுத்துப்பிழை பார்த்தார். ஒன்று இருந்தது. திருத்தினோம்.